காற்று பார்த்துப் போட்ட மாவு

"உங்க ஃபேக்டரிப் புகைதான், வேற எதுவும்..."

"புகை புகைன்னு ஆரம்பிக்காத சூசன், அங்க நிக்கிறவன்..."

"...வேற என்னன்னு நீங்களே சொல்லுங்க. அஞ்சு வயசுப் பிள்ளை மூச்சுக்கு இப்படித் தவிக்குது."

"...நான்தானே. எனக்குத் தெரியாதா அது எந்தப் பக்கம் போகுதுன்னு?"

பேசிலும் அவன் மனைவி சூசனும் மலேசியாவின் கிள்ளானில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்கு அப்பால் மகள் கேரன் முகத்தில் மாஸ்க்கோடு, நெஞ்சு குழி விழ மூச்சு இழுத்துக் கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் இது நான்காவது தடவை. இந்த முறை டாக்டர் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

சூசனின் கைப்பேசி மின்னியது. 'பெர்னிஸ் அக்கா'. அவள் அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக் கொண்டாள்.

"உன் அக்கா இங்க வந்து நிக்க வேணாம்னு சொல்லிடு," என்றான் பேசில். மாமனார் இறந்த வீட்டில் வந்த சண்டை. அந்த அக்காள் வீட்டு வாசலை இனி யாரும் மிதிக்கக் கூடாது என்று அன்றைக்கு அவன் போட்ட சட்டம் இரண்டு வருஷமாக நிற்கிறது.

"வீட்டை மாத்துவோம்னு எத்தன தடவ கெஞ்சினேன்."

"வீட்டுல என்ன குறை? சனி ஞாயிறு முழுக்க வீட்டுலதானே இருக்கா, ஒரு இருமல் உண்டா? வேலை நாள் ஆனாத்தான் இழுக்குது. அந்தப் பாலர் பள்ளியில என்ன தூசியோ, போய்ப் பாரு."

அவளை எப்படியாவது நம்ப வைக்க வேண்டும் அவனுக்கு. வேலை போய்விடுமே என்று இத்தனை நாள் மென்று விழுங்கியதைச் சொன்னான்.

"இங்க பாரு. நிலக்கரிப் புகையில கந்தக வாயு வரும். நீ ஆப்பத்துக்குப் போடுற அதே சோடாவை மாவா அரைச்சு, புகைக்குழாய்க்குள்ள ஊதுவோம். கந்தகத்தை அது புடிச்சுக்கும். நாலு மாசமா பாதி மூட்டைதான் வருது. புகைய அளக்கிற மீட்டர் பழுதுன்னு எழுதி வச்சுட்டாங்க. பாஸ்கிட்ட கேட்டேன். இருக்கிறத வச்சு ஓட்டு லான்னுட்டாரு."

"அப்ப மாவு இல்லாத நேரம்?"

"அங்கதான் நான் மூளைய வச்சேன். காத்து எந்தப் பக்கம்னு பார்க்க கூரை மேல ஒரு துணி கட்டியிருக்கேன். காத்து நம்ம வீடு இருக்கிற தாமான் பக்கம் அடிச்சா மாவு முழுசா ஓடும். பகல்ல கடல் காத்து திரும்பி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பத்து ஊருக்குப் போகும். அப்ப நிறுத்திடுவேன். அடுத்த ஷிஃப்ட் ஹாசிமும் அப்படித்தான். மாவு போடாத புகை நம்ம வீட்டுப் பக்கம் ஒரு நிமிஷம் வந்ததில்ல. மாதா சத்தியமா."

சூசன் அவனையே பார்த்தாள்.

"கம்பத்துல பிள்ளைங்க இல்லையா?"

"இருக்கும்." பேசில் தரையைப் பார்த்தான். "இருக்கிற மாவ வச்சு நான் வேற என்ன செய்ய? நம்ம பிள்ளையா, ஊரான் பிள்ளையான்னு வந்தா..."

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை சூசன் அதை மறைக்கவில்லை.

"பாலர் பள்ளிய நிறுத்தி மூணு மாசம் ஆச்சு," என்றாள். "புகை நம்ம தாமான்லதான் விழுதுன்னு பயந்து, தினம் காலைல கேரனக் கம்பத்துல பெர்னிஸ் அக்கா வீட்டுல விட்டுட்டுத்தான் வேலைக்குப் போறேன்."