உதவிப் பயிற்சியாளர்

“அடுத்த கோச் நீங்கதான் வீரமலை. பிரின்சிபால்கிட்ட எழுதியே கொடுத்துட்டேன்” என்றார் ஹபீபுல்லா.

ஓய்வு பெற இன்னும் சில வருடம் இருந்தும், தொடர் தோல்விகளால் அவரே விலகிக்கொண்டார்; கல்லூரியில் அவருக்கு அது கடைசி நாள். கால்பந்து அணிக்குப் பத்தொன்பது வருடம் பயிற்சி கொடுத்தவரின் சாமான்கள் ஒரே அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டன. உதவிப் பயிற்சியாளர் வீரமலை குனிந்து அதற்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“எதுக்கு சார் இப்ப அந்தப் பேச்சு?”

“பேசித்தானே ஆகணும். பன்னெண்டு வருஷமா கூடவே இருக்கீங்க. உங்களை விட்டா யாரு?” ஹபீபுல்லா பெஞ்சில் உட்கார்ந்தார். “ஒண்ணுதான் உறுத்துது. மூணு டோர்னமெண்ட். மூணுலயும் செமி ஃபைனல்ல அதே காலேஜ்கிட்ட அடி வாங்கினோம். கடைசி மேட்சுல நம்ம அர்ஹமை லெஃப்ட்ல இறக்கினேன். அந்தப் பையன் அதுக்கு முன்னாடி அங்க ஆடினதே இல்லை. விசில் ஊதறதுக்குள்ள அவனைச் சுத்தி ரெண்டு பேர் நிக்கிறாங்க! நாலு கோல் வாங்கினோம். எனக்குத்தான் வயசாயிடுச்சோ என்னமோ.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை சார். நேரம் சரியில்லை, அவ்வளவுதான்” என்று வீரமலை முடிச்சை இறுக்கினார்.

பெட்டியை பைக்கில் ஏற்றி, சத்திரம் பேருந்து நிலையம் வரை வீரமலையே ஹபீபுல்லாவைக் கொண்டுபோய் விட்டார். துறையூர் பஸ் கிளம்பும்போது ஹபீபுல்லா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம் கப்போட போட்டோ அனுப்புங்க.” அவர் கண் கலங்கியிருந்தது. வீரமலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து நியமன உத்தரவு வந்தது. அதில் வீரமலையின் பெயர் இல்லை.

புதிய பயிற்சியாளர் ஜைத். வயது முப்பத்தொன்று. மூன்று அரையிறுதியிலும் இவர்களைத் தோற்கடித்த அதே கல்லூரியின் பயிற்சியாளர்.

“நம்மளை ஜெயிச்சவரையே கூட்டிட்டு வந்துட்டோம்னு பிரின்சிபால் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியறார்” என்று கே.கே. நகர் வீட்டில் மனைவி வள்ளிக்கண்ணுவிடம் பொருமினார் வீரமலை. “பந்துக்குக் காத்தடிச்சது நான். சேத்து ஜெர்சியைத் தோய்ச்சது நான். கால் பிசகினவனுக்கு ஐஸ் வச்சது நான். நேத்து வந்த பய எனக்கு மேல உக்காருவான், நான் அவன் பின்னாடி தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடணுமா?”

“திறமை இல்லாமலா மூணு தடவை ஜெயிச்சிருப்பாரு?”

“திறமையா? அவனுக்கா?” பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஜைத் வந்து ஒரு வாரம் ஆனது. வீரமலைக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. முதல் நாளே இருபத்திரண்டு பையன்களின் பெயரும் அவனுக்கு மனப்பாடம். தோற்றதிலிருந்து வாயே திறக்காத பையன்கள் இப்போது மைதானத்தில் சிரித்தார்கள். வீட்டுச் சண்டையைக்கூட வீரமலையிடம் வந்து சொல்லும் கேப்டன் அர்ஹம், இப்போது “ஜைத் அண்ணா, ஜைத் அண்ணா” என்று அவன் பின்னாலேயே ஓடினான். ஒருநாள் மாலை வீரமலை எதிரே நின்றும் அர்ஹம் கவனிக்கவில்லை. வணக்கம் வைக்காமல் கடந்து போனான்.

ஜைத்தின் நடை பிடிக்கவில்லை. அவன் பணிவாக ‘சார்’ போட்டுப் பேசுவது அதைவிடப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து இருவரும் அறைக்கு வந்தார்கள்.

“வீரமலை சார், நாளைக்கு ஃப்ரெண்ட்லி மேட்ச். டீம் லிஸ்ட் சொல்றேன், எழுதிக்கிறீங்களா? என் எழுத்து எனக்கே புரியாது.”

“சொல்லுங்க. ஹபீபுல்லா சார் சொல்றதையும் நான்தான் எழுதுவேன்.”

ஜைத் சொல்லச் சொல்ல, யார் எந்த இடத்தில் என்று எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுந்தியது. ‘எழுதறதுக்கு நான், பேர் வாங்கறதுக்கு இவன். ரெண்டு மேட்ச் தோக்கட்டும், அப்பத் தெரியும்’ என்று நினைத்துக்கொண்டார்.

எழுதி முடித்த தாளை ஜைத் சிரித்துக்கொண்டே வாங்கினான். ஒரு பார்வைதான். சிரிப்பு நின்றுவிட்டது. தாளை விளக்குக்கு நேரே பிடித்து மறுபடியும் பார்த்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

“என்ன, தப்பா எழுதிட்டேனா?”

ஜைத் மேஜைக்குத் திரும்பி வந்தான். மொபைலில் எதையோ தேடி எடுத்து, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தான். திரையைப் பார்த்ததும் வீரமலை அந்தத் தாளை எடுத்துவிடக் கை நீட்டினார்.

“மூணு செமி ஃபைனலுக்கும் முந்தின நாள், யாரோ ஒருத்தர் உங்க டீம் லிஸ்ட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாங்க. இதே கையெழுத்து” என்றான் ஜைத், குரலை உயர்த்தாமல். “அது வரலைன்னா நான் ஒரு மேட்ச்கூட ஜெயிச்சிருக்க மாட்டேன்; இந்த வேலை உங்களுக்குத்தான் வந்திருக்கும் சார்.”