முழுப்பேர்

அரிசி மூட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு வேலாயி சிரித்தாள்.

“இந்தச் சிரிப்பு வேணாம்மா. இது துரைக்குச் சிரிக்கிற சிரிப்பு,” என்றாள் மகள் நிரஞ்சலா. “எனக்குச் சிரிக்கிற மாதிரி சிரி.”

தோட்டத்துத் துரைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று தன்னிடம் இரண்டு சிரிப்பு இருப்பது வேலாயிக்கு இன்றைக்குத்தான் தெரியும். மூட்டையை இறக்கினாள். மறுபடி மாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை கொழும்பில் மாநாடு. புதுத் தொழில் தொடங்கும் பிள்ளைகளும் அதில் பணம் போடக்கூடிய ஆட்களும் ஒரே மண்டபத்தில் கூடுகிறார்கள். நிரஞ்சலாவுக்கு மேடையில் ஆறு நிமிடம். அதில் வேலாயிக்கும் ஒரு வேலை உண்டு. தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்ட வேண்டும், போனைப் பார்க்க வேண்டும், சபையைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பேச்சையெல்லாம் மகள் இங்கிலீஷில் பார்த்துக்கொள்வாள். அதற்குத்தான் அரிசி மூட்டையை வைத்து இந்த ஒத்திகை.

மடுல்சீமையில், தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், அவர்கள் வீடு இரண்டு நாளாகக் கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. மகளோடு படித்த ஸனா, பதுளையில் வாப்பாவின் துணிக்கடையிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை இரவல் கொடுத்திருந்தாள். விலைச்சீட்டைக் கிழிக்கக் கூடாது, உள்ளே மடித்துவிட வேண்டும், புதன்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை. பழக வேண்டுமென்று நிரஞ்சலா இப்போதே அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். கூரை மரத்தில் தராசு தொங்கியது. பார்க்க ஒரு சின்னப் பெட்டி, அடியில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. எடை போனில்தான் விழும்.

நிரஞ்சலாவை அதைச் செய்யவைத்ததே வேலாயியின் கொழுந்துதான். மகள் படித்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் மலைக்கு வந்தவள், அம்மாவின் இருபது கிலோவைக் கணக்கப்பிள்ளை பதினேழு என்று எழுதியதைக் கண்ணால் பார்த்தாள். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு என்று கழிவு. பதினெட்டு இருந்தால்தான் அன்றைக்கு முழுப்பேர், முழு நாள் சம்பளம். ஒரு கிலோ குறைந்ததற்கு அரைப்பேர் போட்டார்கள். அன்று வேலாயி அழவில்லை, அவளுக்கு அது பழகிய விஷயம். மகள்தான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

அந்த அழுகையில் பிறந்த தராசு இது. பெயரும் ‘முழுப்பேர்’ என்றே வைத்தாள். எடுத்த கொழுந்து எத்தனை கிலோவோ, எடுத்தவளின் போனிலேயே அத்தனை கிலோ விழும். எவனும் கை வைக்க முடியாது. இதை லயம் முழுக்கச் சொல்லிச் சொல்லியே வேலாயியின் தொண்டை கட்டிப்போயிருந்தது.

“போனப் பாரும்மா. மூணு தடவையும் என்னயவே பாக்குற.”

உண்மைதான். கோட்டுப் போட்ட மகளை விட்டுவிட்டு எவள் போனைப் பார்ப்பாள்? நாலாவது தடவை வேலாயி போனைப் பார்த்தாள்.

ஏழு.

அவளுக்கு எழுத்து வராதே தவிர, எண் நன்றாக வரும். அரிசி மூட்டையைப் பார்த்தாள். காலையில்தான் கடையில் வாங்கியது, தையல்கூடப் பிரிக்கவில்லை. பத்து கிலோ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் பிள்ளையின் மானம் போயிருக்குமே!

“ஏ புள்ள, இங்க ஓடியா! மிசின்ல பிழை. பத்துக் கிலோவ ஏழுன்னு காட்டுது. நல்லவேள, இப்பவே பாத்தோம்.”

நிரஞ்சலா ஓடி வரவில்லை. கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“பிழை இல்லம்மா. சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு. அதுவாவே கழிச்சிரும்.”

“காஞ்ச அரிசியில என்னா ஈரம் புள்ள?”

“தோட்டக் கம்பனிதானம்மா இத வாங்கணும். கழிவு இல்லாட்டி வாங்க மாட்டாங்களாம். அவங்க வாங்காட்டி, மாநாட்டுல யாரும் காசு போட மாட்டாங்களாம்.”

வேலாயி மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். கணக்கப்பிள்ளையோடு என்றால் சண்டை போடலாம். தொண்டை கிழியக் கத்தினால் சில நாள் ஒரு கிலோ திரும்பி வரும், அரைப்பேர் முழுப்பேராகும். இந்தப் பெட்டியோடு எவள் போய்க் கத்துவது? கத்தினாலும், இதைச் செய்தது யார் மகள் என்றுதானே லயம் கேட்கும்?

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே, இரவல் கோட்டின் கழுத்துக்குள்ளிருந்து விலைச்சீட்டு வெளியே எட்டிப் பார்ப்பதும் கண்ணில் பட்டது. போய் அதை உள்ளே மடித்துவிட்டாள்.

“பேரு அதேதானா? முழுப்பேருதானா?”

நிரஞ்சலா ஆமென்று தலையை ஆட்டினாள். கையிலிருந்த பேச்சுத் தாளையே பார்த்துக்கொண்டு, “இன்னொரு தடவ பாப்பமாம்மா?” என்றாள்.

வேலாயி மூட்டையை இறக்கினாள். மறுபடி மாட்டினாள். போனைப் பார்த்தாள்.

ஏழு.

நிமிர்ந்து, எதிரே கோட்டுப் போட்டு நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள். முப்பது வருடமாகத் துரைக்குச் சிரித்துவந்த அதே சிரிப்பு.

இந்தத் தடவை நிரஞ்சலா அதைத் திருத்தவில்லை.