போக்கர் மேசையில் ஒரு வைஃபை திருடன்

ஆன்லைன் போக்கர் கம்பெனி அனுப்பியிருந்த எச்சரிக்கையைப் படித்ததும் வஞ்சாலா போனைச் சோபாவில் விட்டெறிந்தான்.

'உங்கள் வீட்டு வைஃபையில் "காட்டெருமை" என்ற பெயரிலும் ஆட்டம் நடக்கிறது. ஒரே ஆள் இரண்டு பெயரில் ஆடுவது மோசடி. இன்னொரு தடவை நடந்தால் கணக்கு முடக்கப்படும். இருப்பு திருப்பித் தரப்படாது.'

எத்தனை மாத உழைப்பு! இலவசப் போட்டியில் ஜெயித்த சில்லறையில் ஆரம்பித்து, பத்து ஷில்லிங், இருபது ஷில்லிங் போட்டிகளாகப் பார்த்துப் பார்த்து ஆடி, கையிருப்பில் நூறில் ஒரு பங்குக்கு மேல் எதிலும் கட்டாமல் எறும்பு மாதிரி சேர்த்த பணம். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் பழைய பைக் ஒன்று வாங்கி நைரோபியில் வாடகைக்கு ஓட்டலாம். அதற்குள் எவனோ வாயில் மண்ணைப் போடுகிறான்!

எவனோ என்ன எவனோ, மாடி வீட்டு முத்திசோதான். குடிவந்த நாளிலிருந்து அடுத்தவன் வைஃபையிலேயே காலம் தள்ளுகிற பயல்!

"ஏண்டி நலியாக்கா, உன் புருஷன்கிட்ட சொல்லு" என்று படுக்கையறைக்குள்ளிருந்து மாமியார் தன் மகளுக்குக் குரல் கொடுத்தார். "இந்தச் சூதாட்டப் பிசாசை இன்னியோட விரட்டலைன்னா, உன்னையும் பிள்ளைங்களையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

கென்யாவின் புகுசு இனத்தாரில் மாமியாரும் மருமகனும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டால் பெருங்குற்றம். அதனால் அந்தம்மா வந்ததிலிருந்து அவர் படுக்கையறையில், வஞ்சாலா சோபாவில், நடுவே சாத்திய கதவு. அவன் வெளியே போனால்தான் அவர் வெளியே வருவார். உள்ளே நாள் முழுக்க ஜெபம்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. இது சூது இல்ல, மூளைக்கு வேலை."

"காதுல விழுந்துச்சு. மூளையாம் மூளை! இருந்தாத்தானே வேலை வைக்க?"

"ரெண்டு பேரும் என் தலையை உருட்டாதீங்க" என்று நலியாக்கா அடுப்பிலிருந்த உகாலிக் களியை ஓங்கிக் கிண்டினாள்.

மதியப் போட்டி தொடங்கியது. வஞ்சாலா ஆடவில்லை. போனில் சொந்த டேட்டாவைப் போட்டு வேடிக்கை மட்டும் பார்த்தான். காட்டெருமை ஒவ்வொருத்தனாக முட்டித் தள்ளிக்கொண்டே வந்தது. கடைசியில் மூன்றே பேர் மிச்சம். இப்போது காட்டெருமையின் முறை.

"மாட்டினடா மகனே! இப்ப நீ கத்துற கத்துல தெருவே திரும்பிப் பார்க்கும்" என்று வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூரையைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

மாடியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எப்படி இருக்கும்? முத்திசோ காலையிலேயே வேலைக்குப் போய்விட்டதாக நலியாக்கா சொன்னாள்.

படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது.

குலவழக்கமெல்லாம் காற்றில் பறக்க, மருமகன் முகத்துக்கு நேரே வந்து நின்று மாமியார் அலறினார்: "மாப்ளே, சீக்கிரம் வைஃபையைப் போடுங்க, என் கையில ரெண்டு ஏஸ்!"