வான்கோழி வெட்டும் உரிமை

சீட்டாட்ட மேசையில் பக்கத்து நாற்காலிப் பெண் மழை வருமா என்று கேட்டாள். வெண்டெல் ட்ரஸ்காட் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, மனதில் இருந்த எண்ணிக்கை எட்டா ஒன்பதா என்று ஒரு கணம் தடுமாறியது. ஒன்பது என்று முடிவு செய்து பந்தயத்தை நாலு மடங்காக்கினார்.

அப்போதுதான் கேசினோ காவலரின் கை அவர் தோளில் விழுந்தது. அவர் பயப்படவில்லை. ஐம்பத்தெட்டு வயது வரை அந்தக் கைக்காகத்தான் காத்திருந்தார்.

அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் ட்ரஸ்காட் குடும்பத்தை அறியாத கேசினோ கிடையாது. பிளாக்ஜாக் மேசையில் விழுந்த சீட்டுகளை மனதுக்குள் எண்ணி, மிச்சமிருப்பதைக் கணித்து ஆடுகிறவர்கள் அவர்கள். அதில் ஏமாற்று இல்லை, சட்டத்துக்கும் விரோதமில்லை. ஆனாலும் எண்ணத் தெரிந்தவரை எந்தக் கேசினோவும் உட்கார வைக்காது. 'இனி வராதே' என்று தாளில் எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடும்.

அப்பா வாங்கிய ஏழு தாள்களும் அக்கா லெனோரா வாங்கிய மூன்று தாள்களும் சாப்பாட்டு அறைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகின்றன. தாள் வாங்கியவர் மட்டுமே, நவம்பரில் வியாழக்கிழமை வரும் நன்றி நாள் குடும்ப விருந்தில் வான்கோழியை வெட்டலாம் என்பது அப்பா வைத்த விதி. தபால் நிலையத்தில் வேலை பார்த்த வெண்டெல் அந்தக் கத்தியைத் தொட்டதே இல்லை. "தபால்காரருக்கு இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு வைங்க, பாவம்" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், போன வருடம், எண்ணக் கற்றுக்கொடுக்கும்படி அக்காவிடம் கேட்டார். லெனோரா மறுக்கவில்லை. இரண்டிலிருந்து ஆறு வரை விழுந்தால் ஒன்று கூட்டு. பத்தோ, படச்சீட்டோ, ஏஸோ விழுந்தால் ஒன்று கழி. எண்ணிக்கை ஏறினால் பந்தயத்தை ஏற்று. உதட்டை அசைக்காதே, சீட்டை முறைக்காதே, பக்கத்தில் இருப்பவர் பேசினால் பேசு. இதெல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது.

கடைசிப் பாடத்தை மட்டும் அவர் மூன்று முறை சொன்னார். "எண்ணிக்கை தப்பிப்போச்சுன்னா வெக்கப்படாம எந்திரிச்சு வந்துடு. குத்துமதிப்பா ஆடாதே."

"நான் என்ன குழந்தையா அக்கா?" என்றார் வெண்டெல்.

வருடம் முழுவதும் ஒரே கேசினோவில் ஆடினார். இரண்டு வாரத்துக்கு முன் அக்கா வீட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. வண்டி பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்று பேருந்தில் வந்திருந்தார். ஒருவருக்கும் தன்மேல் சந்தேகமே இல்லை என்றார். "சும்மாவே ரூம் குடுக்கறாங்க அக்கா. மாட்டிறைச்சி வறுவல், ஒயின், எல்லாம் அவங்க உபயம். அப்பாவுக்கு அங்க ஒரு வாய்க் காபியாவது குடுத்திருப்பாங்களா?"

"குடுத்ததில்ல" என்றார் லெனோரா. தம்பி போன பிறகு வெகுநேரம் சாப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது காவலருக்குப் பின்னால் மேலாளர் டெல்மார் வந்து நின்றார். அப்பாவின் ஏழாவது தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"ட்ரஸ்காட் சார், உங்க வித்தையைக் கண்டுபிடிச்சுட்டோம். இனிமே இங்க உங்களுக்குச் சீட்டு போடமாட்டோம். ஊர்ல மத்த கேசினோவுக்கும் உங்க படம் போயிடும்."

மேசையில் இருந்தவர்கள் வெண்டெலைப் புதிய மரியாதையோடு பார்த்தார்கள். மழை கேட்ட பெண் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். டெல்மார் தாளை எடுத்தபோது, வெண்டெல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பேரை முழுசா எழுதுங்க. அப்பா பேரும் சேத்து."

லெனோரா எதிர்ப்பக்க நடைபாதையில் காத்திருந்தார். அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்க அவருக்கும் அனுமதி இல்லை. தம்பி நீட்டிய தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கையெழுத்து வரை படித்தார்.

"வியாழக்கிழமை கத்தி உன் கையில" என்றார்.

வெண்டெல் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். ட்ரஸ்காட் வீட்டு ஆண்கள் தெருவில் அழுவதில்லை. லெனோரா அன்று அதைச் சொல்லவில்லை. கண்ணாடிக் கடைக்காரன் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவான், இன்றைக்கே சட்டம் போட்டுவிட வேண்டும் என்று வெண்டெல் தாளைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். அந்த ஓட்டத்தில் அவருக்கு இருபது வயதுதான்.

அவர் முனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, டெல்மார் தெருவைக் கடந்து வந்தார். லெனோரா தலையை நிமிர்த்தித்தான் நின்றார். ஆனால் டெல்மாரின் கண்ணைப் பார்க்கவில்லை.

டெல்மார் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க வாசல்ல வந்து கெஞ்சினதால பண்ணேம்மா. தோத்துக்கிட்டே இருக்கறவங்களுக்குத்தான் நாங்க ரூமும் ஒயினும் குடுக்கறது. எண்ணத் தெரியாத ஒருத்தரை நான் துரத்தினது இதான் முதல் தடவை."