ஜாடிக்குள் ஒரு வம்சம்

"ஏழு தலைமுறையா ரொட்டிக்குப் புளிக்கவைக்கிற மாவுடா இது. இதுல இருக்கிற ஈஸ்ட் உலகத்துலயே வேற எங்கயும் கிடையாது!" ஜாடியைத் தட்டித் தன் மகனிடம் பெருமையடித்தார் மாமியார். மருமகள் அவசரமாக ஜாடியின் மூடியை இறுக்கினாள்.

ஈஸ்ட் வகைகளின் மரபணுக்களை ஒப்பிடும் ஆய்வகத்தில் மகனுக்கு வேலை. ஒரு ஸ்பூன் மாவை எடுத்துப்போனவன், மறுவாரம் கடுகடுவென்று வந்தான்.

"மானம் போச்சும்மா! புது வம்சம்னு டைரக்டர்கிட்ட வேற பீத்திக்கிட்டேன். கடையில விக்கிற பாக்கெட் ஈஸ்ட்டோட மரபணு, அச்சு அசலா!"

"உன் மெஷின்ல கோளாறு. போய்ப் பாரு!"

அவனை விரட்டிவிட்டு மருமகளிடம் கிசுகிசுத்தார்.

"அவன்கிட்ட மூச்சு விடாதே. என் மாமியார் குடுத்த மாவு அந்த வருஷமே செத்துப்போச்சு. பாக்கெட்டைக் கொட்டிச் சமாளிச்சேன்."

"நீங்களுமா அத்தை? போன மாசம் நானும் அதையேதான் செஞ்சேன்!"

மாமியார் ஜாடியையே வெறித்தார்.

"அப்போ... என் மாமியாரும்?"