கிருத்திகை வரைக்கும்

“சீக்கிரம் வாயில போட்டுக்கோ மணியம்மை. உன் மாமியார் கிணத்தடியிலதான் இருக்காங்க.”

அடுத்த வீட்டு அன்னம்மாள், முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த மாங்காய் ஊறுகாய்த் துண்டை நீட்டினாள்.

மணியம்மைக்கு இருபத்திரண்டு வயது. முகம் உப்பி, கண் இரண்டும் இடுங்கிப் போயிருந்தன. நூல் சுற்றும் ராட்டையை நிறுத்திவிட்டு ஊறுகாயை வாங்கினாள். தின்னவில்லை. முகர்ந்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடுங்கி வாசலில் எறிந்தது.

மாமியார் ரஞ்சிதம்!

“ஒரு மாசமா உப்பில்லாத கூழு! இது உங்களுக்கே அடுக்குமாங்க?” என்று கேட்டாள் அன்னம்மாள்.

“மலைக்கு வேண்டிக்கினு இருக்கோம். ஆடிக் கிருத்திகைக்குப் படியேறிட்டு வந்தப்புறம்தான் உப்பு.”

“வேண்டிக்கினது நீங்க. நாக்கு செத்துப் போறது அவளுக்கா? உங்க மகன் தறிக்கு நூல் ரேஷன் வாங்க அரக்கோணம் அலையுறான். இங்க நடக்கிறது அவனுக்குத் தெரியுமா?”

ரஞ்சிதம் மருமகளைப் பார்த்தாள். அவள் மறுபடி ராட்டை சுற்ற ஆரம்பித்திருந்தாள். திருவாலங்காட்டுப் பெண்; தமிழைத் தவிர வேறு பாஷை பேசி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ரஞ்சிதம் தன் வீட்டுப் பாஷையான தெலுங்குக்கு மாறினாள். அன்னம்மாளுக்கும் அது பழகினதுதான்.

“வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல, அன்னம்மா. ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய் ரெண்டும் கெட்டுப் போச்சு. அதுகூட வெறும் அடையாளம்தானாம். வியாதி எலும்புக்குள்ள, ரத்தத்துல இருக்குதாம். புத்து நோயாம். சின்ன வயசுல யாருக்கோ ஒருத்தருக்குத்தான் வருமாம். மருந்து இல்ல. உப்பு பட்டா வீக்கம் ஏறி மூச்சு முட்டுமாம்.”

அன்னம்மாளும் தெலுங்கிலேயே கேட்டாள்.

“கிருத்திகை முடிஞ்சதும் உப்பு கேட்டா என்ன செய்வீங்க?”

“அதுவரைக்கும் இருந்து கேக்கட்டுமே. அதுக்குத்தானே ஒரு நாளைக் காட்டி வெச்சிருக்கேன்.”

ராட்டை சுற்றிக்கொண்டே இருந்தது.

“அத்தே,” என்று மணியம்மை தமிழில் கூப்பிட்டாள். “கிருத்திகை அன்னிக்கு எனக்கு ரெண்டு துண்டு வேணும்.”

“ஆங், ஜாடியே உனக்குத்தாண்டி,” என்று சொன்ன ரஞ்சிதம், அதற்குமேல் அங்கே நிற்காமல் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

மணியம்மை ராட்டையை நிறுத்தினாள். அன்னம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குத் தெலுங்கு தெரியும்னு அத்தைகிட்ட சொல்லிடாதீங்க, அக்கா,” என்றாள், தெலுங்கில்.