கத்துக்குட்டி கேட்ட கேள்வி

"கேட்ட ஆளுக்குப் பதில் சொன்னேன், அதுல என்ன…"

"பதிலாப்பா அது? நீங்களே வாய் விட்டுப் படிச்சுப்…"

"என்னைப் பேசி முடிக்க விடு!"

"…பாருங்க! என் காலேஜ் குரூப்லெல்லாம் இதுதான் சுத்துது. 'இந்த வாத்தியார் உங்கப்பாதானே'ன்னு கேக்கறாங்க. நான் எங்கே போய் முட்டிக்கறது?"

மகள் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை. மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. அறை மூலையில் அவர் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையிலிருந்து கட்டாமலே நாற்காலியில் தொங்கிய நல்ல புடவை ஒன்று அவள் பக்கத்தில். அப்பா மகள் சண்டையில் அவள் என்றைக்கும் தலையைக் கொடுப்பதில்லை.

மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாகக் காட்டும் மென்பொருள் ஒன்று. அதைப் பயன்படுத்துகிறவர்கள் சந்தேகம் கேட்க இணையத்தில் ஒரு குழு. அதில் பன்னிரண்டு வருஷமாக 'வாத்தியார்' என்ற பெயரில் பதில் சொல்பவர் அவர். அவர் ஒன்று சொல்லிவிட்டால் அப்புறம் வேறு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படி ஒரு மரியாதை.

"நானே படிக்கறேன், கேளுங்க. கேட்டது 'கத்துக்குட்டி'ன்னு ஒரு புது ஆள். 'வெள்ளிக்கிழமை எனக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. புரதத்துக்குள் மருந்து எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் படம் ஒன்று கொண்டுபோக வேண்டும். புரதம் ரிப்பன் மாதிரி தெரிகிறது. மருந்தைத்தான் காணோம். மூன்று நாளாகத் தேடுகிறேன். யாராவது உதவுங்கள்.' இதுக்கு எங்கப்பா எழுதின பதில். 'முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ளவும். கையேட்டின் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டாதவருக்கு வேலை கொடுக்கப்போகும் புண்ணியவான் யாரோ!' கீழே நாற்பது பேர் சிரிச்சிருக்காங்க."

எழுதியபோது தித்தித்த வரிகள். மகள் வாயால் கேட்டபோது அவருக்குக் காது மடல் சுட்டது.

"ஒரு வேடிக்கைக்கு…"

"வேடிக்கையா? அதுக்கப்புறம் அந்த ஆள் அந்தப் பக்கமே வரலை. நீங்க சொல்லிட்டீங்கன்னு வேற யாரும் உதவவும் இல்லை. ஒரு வேலையே போயிருக்கும்ப்பா! அவ்வளவு பெரிய கஷ்டமான கேள்வியா அது?"

"ஒரு வரி விஷயம்" என்றார் தன்னை மறந்து. "ரிப்பனாக் காட்டச் சொன்னா புரதத்தை மட்டும்தான் காட்டும். மருந்தைத் தனியா, குச்சி குச்சியாக் காட்டச் சொல்லணும்."

"அந்த ஒரு வரியை எழுதக் கை வலிச்சுதா?"

அவர் தப்பிக்க வழி தேடி மனைவி பக்கம் திரும்பினார். "உங்கம்மாவும் ஒரு காலத்துல என்னோட லேப்ல இருந்தவதான். நீ பிறந்ததும் விட்டா. இன்னிக்கு இதைத் திறந்து கையில கொடுத்தா, மௌஸ் எந்தப் பக்கம்னு கேப்பா!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மனைவியும் பேருக்குச் சிரித்து வைத்தாள். மகள் சிரிக்கவில்லை. வெறுமே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில், 'எங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும்' என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த பெண். அந்தப் பார்வையில் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"சரி. தப்புதான். மன்னிப்புக் கேக்கறேன். அத்தனை பேர் பார்க்க, அங்கேயே."

மடிக்கணினியை இழுத்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் குழுவில் எழுதாத ஒரு வார்த்தை. அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். நெற்றி வேர்த்துவிட்டது.

"படிங்க, கேக்கலாம்" என்றாள் மகள், குரல் கொஞ்சம் இறங்கி.

"'அன்புள்ள தம்பி கத்துக்குட்டிக்கு. என் பதிலை நினைத்து வெட்கப்படுகிறேன். முதல் நாள் மருந்தைக் காணாமல் நானும் முழித்தவன்தான். அதை மறைத்துவிட்டு உன்னைக் கேலி செய்தது சின்னத்தனம். வெள்ளிக்கிழமை உன் தேர்வு நல்லபடியாக நடந்திருக்கும் என்று…'"

"போகலை."

குரல் மூலையிலிருந்து வந்தது. அவர் நிமிர்ந்தார். "யாரு போகலை?"

மனைவி இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். அந்த நல்ல புடவையை மடித்து பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"தம்பின்னு போட்டிருக்கீங்களே, அதை முதல்ல அழிங்க. வீட்டுல கேட்டா சிரிப்பீங்கன்னுதான் அங்கே போய்க் கேட்டேன்."